சர்ச் கதவில் அறுத்த பலகை

படாளம்,
12.11.2025, புதன்.

அன்புள்ள சிநேகா அப்பாவுக்கு,

ஜெனிட்டா எழுதுவது. நானும் சிநேகாவும் மாமாவும் நன்றாக இருக்கிறோம். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் கீழே படிக்கும்போது பயந்துவிடுவீர்கள்.

சாயங்காலம் நீங்கள் போன் செய்தபோது குழந்தை தூங்குகிறாள் என்று சொல்லி வைத்துவிட்டேன். இப்போதுதான் உண்மையில் தூங்கினாள். போனில் சொன்னால் நீங்கள் உடனே பரவாயில்லை என்று சொல்லிவிடுவீர்கள். அதோடு இது எழுத்தில் இருக்க வேண்டும். படம் எடுத்து அனுப்புகிறேன், ஆற்றங்கரைக்கு உயரம் கணக்குப் போடும் உங்கள் ஆபீசில் காட்டுங்கள்.

நேற்று பாலாற்றில் தண்ணீர் வந்தது. மேலே அணையில் எவ்வளவு திறந்தார்கள் என்று செய்தியில் சொன்னதும், எவ்வளவு திறந்தால் இங்கே எவ்வளவு உயரம் ஏறும் என்று போன வருஷம் நீங்கள் அனுப்பிய அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். அவ்வளவு தண்ணீருக்கு, கரையில் கம்பி வலைக்குள் கல் நிரப்பிப் பெட்டி பெட்டியாக அடுக்கியிருக்கிறார்களே, அதில் மேல் பெட்டி நனையவே கூடாது. மாமா கரையில் நின்றுகொண்டு, "என் புள்ள கம்ப்யூட்டர்ல ஆத்தையே வுட்டுப் பாத்து போட்ட கணக்குப்பா. மேல் பொட்டிய தொடாது. போய் நாஸ்தா துன்னுங்க" என்று எல்லோரையும் அனுப்பிக்கொண்டிருந்தார். பதினோரு மணிக்கு மேல் பெட்டியில் பாதிக்கு மேல் தண்ணீர். பக்கத்து வீட்டு ரமேஷ், "அண்ணாத்த, உன் புள்ளைய கம்ப்யூட்டர இன்னொரு தபா தட்டிப் பாக்கச் சொல்லு" என்றார். தண்ணீர் கரையைத் தாண்டவில்லை, ராத்திரிக்குள் இறங்கிவிட்டது.

உங்கள் கணக்கு எப்படித் தப்பும் என்று எனக்குப் புரியவில்லை. இன்று காலையில் புரிந்தது.

ஜெபத்துக்குப் போனோம். சர்ச் வாசலில் சேறு, அதன் மேல் இரண்டு நீலப் பலகை போட்டிருந்தார்கள். சிநேகா அதில் குதித்துக் குதித்து விளையாடினாள். ஏது பலகை என்று சாவி வைத்திருக்கும் ஜெபா அக்காவிடம் சும்மாதான் கேட்டேன். "உங்க மாமனாரு தரைய ஒசத்துனதும் கதவு தொறக்கல. ஆசாரி அடியில அறுத்துட்டாரு. அந்தத் துண்டு தாம்மா இது" என்றார். வீட்டுக்கு ஓடி டேப் எடுத்து வந்து பலகையின் அகலத்தை அளந்தேன். "இன்னாம்மா, கட்டைய வாங்கிக்கினு போவப்போறியா" என்று சிரித்தார். பதினைந்து அங்குலம்.

இருபத்தொன்றாம் வருஷ வெள்ளம் நின்ற இடத்தில் சர்ச் சுவரில் சிவப்புக் கோடு போட்டார்களே, அந்தக் கோட்டோடு ஒத்துப்போகும்படிதான் கம்ப்யூட்டர் ஆற்றைச் சரிசெய்வோம் என்றீர்கள். சர்ச்சின் தரைமட்டத்தை சர்வேக்காரர்கள் மறுவருஷமே எடுத்துவிட்டார்கள், தரையிலிருந்து கோடு எவ்வளவு உயரம் என்று மட்டும் சொல் என்றீர்கள். நான் அளந்து இரண்டு அடி ஒன்பது அங்குலம் என்று அனுப்பினேன். சரியாகத்தான் அளந்தேன். ஆனால் சர்வேக்காரர்கள் எடுத்தது பழைய தரையை, நான் அளந்தது புதுத் தரையிலிருந்து. பழைய தரைக்கு அது நான்கு அடி. உங்கள் கம்ப்யூட்டரில் வெள்ளம் ஒன்றேகால் அடி குறைந்துபோனது என்னால்தான்.

அந்தத் தரை யாருக்காகப் போட்டது? சிநேகா பிறந்ததற்கு நன்றியாக, இனி வெள்ளம் உள்ளே வரக்கூடாது என்று மாமா உயர்த்திக் கொடுத்தது. வாசல் தரையில் அவள் பெயரோடு கல் பதித்திருக்கிறது. அந்தக் கல்லின் மேல் நின்றுதான் டேப்பைப் பிடித்தேன். தரை போட்டபோது நான் பிரசவத்துக்குப் போய் அம்மா வீட்டில் இருந்தேன், டைல்ஸ் மட்டும்தான் மாற்றினார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பி.எஸ்சி. கணிதம் படித்தவள். தரை எப்போது போட்டது என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை.

கட்டி முடித்த கரைக்குப் பின்னால் வயல்தான். காலனிப் பக்கம் கட்டப்போகும் கரைக்கும் அதே உயரம்தான் போட்டிருக்கிறீர்கள், வெள்ளிக்கிழமை அதற்குக் கையெழுத்தாகிறது என்றீர்கள். அங்கே கரையை ஒட்டியே நாற்பது வீடு. இந்த மாதம் உங்களை வேலையில் நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அதை நினைத்துக்கொண்டுதான் இவ்வளவையும் எழுதுகிறேன். என்னைக் காப்பாற்ற வேண்டும் என்று வேறு காரணம் எதுவும் சொல்லாதீர்கள். வீட்டுக்காரி தப்பாக அளந்துவிட்டாள் என்றே சொல்லுங்கள், என் பெயரைப் போட்டே சொல்லுங்கள். பலகையின் படமும் வைத்திருக்கிறேன்.

சர்ச்சிலிருந்து கிளம்பும்போது சிநேகாவைக் கோட்டின் அருகே நிறுத்திப் பார்த்தேன். கோடு அவள் நெற்றிக்கு வந்தது. அவள் சிரித்துக்கொண்டு கையால் தடவினாள். பழைய தரையில் நிறுத்தினால் அது அவள் தலைக்கு மேல் ஒரு அடி. காலனியில் அவள் வயதுப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன், பதினொன்றில் நிறுத்திவிட்டேன்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். நாளைக் காலை ஆபீஸ் திறந்ததும் உங்கள் மேலதிகாரியைப் பாருங்கள், மற்ற வேலையெல்லாம் அப்புறம். அவர் முன்னால் நிற்கும்போது கர்த்தர் உங்கள் வாயோடு இருப்பாராக.

அளந்து சொன்னவள்,
ஜெனிட்டா