அவனுக்கு வாய் நான்

கார்த்திகை 9, செவ்வாய்.

இன்று கண்டி கோர்ட்டில் ஹேவாஹெட்டக் கொலை வழக்கு. தன் ஆட்களோடு வேறு கோப்பித் தோட்டத்துக்குப் போகவிருந்த கங்காணியைக் கூலிக்கு வெட்டியவன் கூண்டில் நின்றான். வெட்டியவனுக்கும் வெட்டச் சொன்னவனுக்கும் சட்டத்தில் ஒரே தூக்குதான் என்றார் நீதிபதி. அதை அவனுக்குத் தமிழில் சொன்னது, கோர்ட்டு மொழிபெயர்ப்பாளனான நான். என் குரலைக் கேட்டதும் நிமிர்ந்தான்.

“துரைக்குத் தமிழ் தெரியாதுங்க. வெட்டச் சொன்னது இந்த ஐயாதாங்க.”

“என்ன சொல்கிறான்?” என்று நீதிபதி என்னைக் கேட்டார்.

கொலை நடந்தபோது நான் அந்தக் கங்காணி இருந்த தோட்டத்துத் துரையின் கணக்கப்பிள்ளை. அவர் சொன்னதைத்தான் இவனுக்குத் தமிழில் சொன்னேன். வேலைக்காரன் வேறென்ன செய்வான்?

“துரைதான் சொன்னாராம்” என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டேன்.

நாளையும் விசாரணை. அவன் அதையே சொல்லுவான். அதை இங்கிலீஷில் சொல்ல அங்கே என்னை விட்டால் ஆளில்லை.