கவிதா எழுந்து நின்று வாசித்தாள்

ஜூலை 14, 2006, வெள்ளி

பனியன் கம்பெனியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, மகளின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டத்துக்குப் போனேன். ஏழாம் வகுப்பு வந்தும் கவிதா எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறாள். கேலிக்குப் பயந்து வகுப்பில் வாயே திறக்கமாட்டாள்.

“யாரு கண்ணு வாசிக்கறீங்க?” என்று பெற்றோர் முன்னால் பாடம் வாசிக்க டீச்சர் பிள்ளைகளைக் கேட்டதும் அவள் கையைத் தூக்கினாள்.

இரண்டாவது வரியிலேயே திக்கி நின்றாள். பின்னால் யாரோ சிரித்தார்கள். உட்கார்ந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

“டீச்சர், மறுபடி மொதல்ல இருந்து படிக்கட்டுங்களா?” என்றாள். நிதானமாகக் கடைசி வரி வரைக்கும் படித்து முடித்தாள்.

“யாரு புள்ளைங்க அது?” பக்கத்திலிருந்த ஒரு அம்மா கேட்டார்.

“என்ற புள்ளைங்க!”

எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி சத்தமாகவே சொன்னேன். போன வாரம் அவளிடம், உனக்குப் படிப்பு வராது என்று சொன்னதும் இதே வாய்தான்.