பிஸ்கட் டப்பாவில் ஐம்பத்தாறு கையெழுத்து

சாந்தோம்,
சனிக்கிழமை பிற்பகல்.

அன்பு மகள் சான்ட்ராவுக்கு,

மாதாவின் தயவால் உன் அப்பாவின் உடம்பிலுள்ள உறுப்புகள் எதுவும் இன்னும் ராஜினாமா கொடுக்கவில்லை. உன் அம்மாவின் வலது முழங்கால் மட்டும் மழை நாளில் வேலைநிறுத்தம் செய்கிறது, மற்றபடி வீடு நலம், கூரை நலம், கொசுக்கள் மிகவும் நலம். நீயும் அந்த டப்ளின் குளிரில் காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, நலமாய் இருக்க வேண்டுமென்று நேற்று மாலை ஒரு மெழுகுவத்தி ஏற்றினேன். பத்து ரூபாய் மெழுகுவத்திதான், ஆனால் வேண்டுதலின் நீளத்தைப் பார்த்துப் பரலோகத்துச் சம்மனசுகளே கொட்டாவி விட்டிருப்பார்கள். புதன்கிழமை நம் தெருப் பையன் ஸ்டீவ் அங்கே வருகிறான் அல்லவா, அவன் பெட்டியில் முறுக்கு மூன்று பாக்கெட், எலுமிச்சை ஊறுகாய் ஒரு பாட்டில், இந்தக் கடிதம் ஒன்று. போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனில் பேசினால் நான் ஜோக் அடித்து மழுப்பிவிடுவேன், அதோடு உன் அம்மாவுக்குக் காது இந்தச் சாந்தோமிலிருந்து பெசன்ட் நகர் வரைக்கும் கேட்கும். இப்போது அவள் மாதா சபைக் கூட்டத்துக்குப் போயிருக்கிறாள், வர ஐந்து மணி ஆகும். அதற்குள் எழுதியாக வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ அழுதாய். மாதக் கடைசிக் கணக்கையெல்லாம் நீ உட்கார்ந்து முடித்துக் கொடுக்க, உன் மேனேஜரம்மா தன் பெயரைப் போட்டுக்கொண்டு போய் மேலே காட்டிக் கைதட்டு வாங்கினாள் என்றாய். கடைசியில் ஒரு கேள்வி கேட்டாய், நீங்க எப்படிப்பா முப்பத்தோரு வருஷம் பொறுத்துக்கிட்டீங்க என்று. நான் வழக்கம்போல, அடியே, தென்சென்னையின் கணக்குச் சக்கரவர்த்தியைப் பார்த்தா இப்படிக் கேட்கிறாய், நான் போட்ட டிக் மார்க்குகளை வரிசையாக வைத்தால் அடையாறு ஆற்றுக்குப் பாலம் கட்டலாம் என்று பீற்றிக்கொண்டு போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஏனென்றால் நான் பொறுத்துக்கொள்ளவில்லை கண்ணு. சி.ஏ. கடைசிப் பரீட்சையின் மேல் ஏழு தடவை படையெடுத்து ஏழு தடவையும் புறமுதுகு காட்டியவன் நான். அதனால் கணக்கு என்னுடையது, கையெழுத்து ஆடிட்டருடையது. ஒவ்வொரு தாளின் கீழ் மூலையிலும் பென்சிலால் சின்னதாக ஓர் எழுத்துப் போடுவேன், தயாரித்தவன் நான் என்பதற்கு அடையாளமாக. வெளியே போகும் பிரதியில் அதை நானே ரப்பரால் அழிப்பேன். முப்பத்தோரு வருஷத்தில் அழித்த ரப்பர் தூளைச் சேர்த்திருந்தால் இன்று பரங்கிமலைக்குப் பக்கத்தில் இன்னொரு மலை நின்றிருக்கும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தி.நகர் ஆபீஸில் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கிறது, நீ சின்ன வயதில் வந்தபோது பிஸ்கட் இருக்கும் என்று திறந்து ஏமாந்தாயே, அதே டப்பா. அதில் இப்போது ஐம்பத்தாறு டோக்கன்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் எங்களிடம் கணக்குக் கொடுக்கும் ஒரு கட்சிக்காரரின் டிஜிட்டல் கையெழுத்து, கட்டைவிரல் அளவு, மேலே பெயர் எழுதிய ஸ்டிக்கர். கம்ப்யூட்டரில் செருகிப் பாஸ்வேர்டைத் தட்டினால் அந்த ஆள் கையெழுத்துப் போட்டதாக அர்த்தம். அவரவர் டோக்கனை அவரவர்தான் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் கட்சிக்காரர்கள் வாங்கின அன்றே எங்களிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாகப் போய்விடுவார்கள், ஐம்பத்தாறுக்கும் ஒரே பாஸ்வேர்டு. உங்கள் டப்ளினில் இதைக் கேட்டால் மயக்கம் போட்டு விழுவார்கள், இங்கே இது காலை காபி மாதிரி. துணிக்கடைக்காரர், நகைக்கடைக்காரர், டாக்டர், சினிமாவுக்கு லைட் வாடகைக்கு விடுகிறவர், இத்தனை பேராகவும் ஒரே மதியத்தில் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். என் பெயரில் மட்டும் டோக்கன் கிடையாது.

சுயம்புலிங்கம் அண்ணாச்சியை உனக்கு ஞாபகம் இருக்கும். பாண்டி பஜார் பக்கம் துணிக்கடை, கோயிலில் நீ முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மைக்கு வெள்ளைப் பட்டு கொடுத்து அனுப்பியவர். அவர் போன ஜூன் மாதம் தவறிவிட்டார், நெஞ்சுவலி, கல்லாவில் உட்கார்ந்தபடியே. நான் மாலை வாங்கிக்கொண்டு போய் வந்தேன். அவர் இடத்துக்கு அவர் மனைவி பங்கஜம் அம்மாள் கடையில் பங்குதாரராக வந்தார். ஆகவே கடையின் வருமான வரி ரிட்டர்னில் இனிமேல் அந்த அம்மாள்தான் கையெழுத்துப் போட வேண்டும், அதற்கு அவர் பெயரில் புது டோக்கன் வாங்க வேண்டும். அக்டோபர் முப்பத்தொன்று கடைசி நாள். அன்று மத்தியானம் வரைக்கும் யாரும் வாங்கவில்லை. நான் வழக்கமான கேள்விச் சீட்டில் இடது பக்கம் எழுதி உள்ளே அனுப்பினேன்: “அண்ணாச்சி காலமாகிவிட்டார், யார் கையெழுத்து?” வலது பக்கத்தில் பச்சை மையில் பதில் வந்தது: “போன வருஷம் மாதிரியே.” அதற்கு ஒரு டிக் வேறு. பெரியவர் போன பிறகு அவர் நாற்காலியில் உட்கார்ந்த மகன், எங்கள் சின்ன ஆடிட்டர் பாலகணேஷ் கையெழுத்து, அது எனக்கு என் உள்ளங்கை ரேகையை விட நன்றாகத் தெரியும். நான் எழுந்து போய், சார் இது தப்பு என்று சொல்லியிருக்கலாம். இன்னும் பத்தொன்பது ரிட்டர்ன் மேஜையில் கிடந்தது. டப்பாவைத் திறந்தேன், அண்ணாச்சியை எடுத்தேன், செருகினேன். நாலரை மாதத்துக்கு முன்னால் நான் மாலை போட்ட மனிதர் நாலு மணி பத்து நிமிஷத்துக்குக் கையெழுத்துப் போட்டார்.

எல்லாம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் பங்கஜம் அம்மாள் புருஷனின் செல்போனை அணைக்கவே இல்லையாம். தினமும் சார்ஜ் போட்டு சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். அதற்கு மெசேஜ் போயிருக்கிறது, உங்கள் கையெழுத்துடன் ரிட்டர்ன் ஏற்கப்பட்டது, நன்றி என்று. வியாழக்கிழமை அந்தப் போனைக் கையில் பிடித்துக்கொண்டு கே.கே. நகரிலிருந்து ஆட்டோவில் வந்து என் மேஜை முன்னால் நின்றார். சண்டை போடவில்லை சான்ட்ரா, போட்டிருந்தால் சமாளித்திருப்பேன். “அவிய இங்க வந்தாவளா? கையெழுத்து போட்டாவன்னு வந்திருக்கே. எந்த நாற்காலில இருந்து போட்டாவ? என்னய மட்டும் பாக்காமயா போனாவ?” என்று கேட்டார். மூளை கலங்கிப் பேசவில்லை, எல்லாம் தெரிந்துதான் கேட்கிறார் என்பது அந்தக் கண்ணில் தெரிந்தது. அண்டசராசரத்தையும் வாயால் அளக்கும் உன் அப்பா அன்று அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டதோடு சரி. ஆடிட்டர் வெளியே வந்து, திங்கட்கிழமை பதினோரு மணிக்கு வாங்கம்மா, விசாரிச்சு எழுத்துலயே தரோம் என்று அனுப்பிவைத்தார்.

நேற்று அவர் என்னை உள்ளே கூப்பிட்டார். கட்சிக்காரர்கள் முன்னால் நான் அவருக்கு ஸ்தனிஸ்லாஸ், கதவைச் சாத்தினால் அங்கிள். நேற்று கதவைச் சாத்திவிட்டு மூன்று தடவை அங்கிள் என்றார், அப்போதே புரிந்தது, ஏதோ வில்லங்கம் என்று. டைப் அடித்த தாள் ஒன்றை நீட்டினார். ஆடிட்டருக்குத் தெரியாமல், யாரையும் கேட்காமல், நானாகவே அந்த டோக்கனைப் பயன்படுத்தினேன் என்று இருந்தது. “ஒரு கையெழுத்து போட்டுக் குடுத்துடுங்க அங்கிள். என் லைசென்ஸே போயிடும். ஒரு மூணு மாசம் வீட்ல ரெஸ்ட் எடுங்க, அப்புறம் நானே கூப்பிடறேன். அப்பா இருந்தா உங்களை நம்பித்தான் விட்டிருப்பார்” என்றார். பார்த்தாயா வேடிக்கையை! முப்பத்தோரு வருஷமாக என் கையெழுத்தை யாரும் கேட்டதில்லை. முதல் முறையாகக் கேட்கிறார்கள், பேனாவை மூடி கழற்றி நீட்டுகிறார்கள், கீழே என் பெயரை முழுசாக டைப் அடித்து ஒரு புள்ளிக்கோடு வேறு. திங்கட்கிழமை போடுகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

கீழே டீக்கடை ஃபராஸ் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “இன்னா சார், மூஞ்சி டி.டி.எஸ். வரி புடிச்சுக்கினு மீதி குடுத்த மாதிரி கீது” என்றான். சிரித்தேன். 12பி பஸ்ஸில் உட்கார்ந்ததும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எனக்கு ஐம்பத்தெட்டு வயது. போட்டால் அந்த அம்மாள் போலீஸுக்குப் போனால் நான்தான் குற்றவாளி, போடாவிட்டால் நாளை மறுநாளிலிருந்து வேலை இல்லை. பச்சை மைச் சீட்டு என் பையில்தான் இருக்கிறது, ஒரு துண்டுத் தாளைக்கூடத் தூக்கிப் போடாத ஜாதி நான். அதைக் காட்டிவிட்டு நான் சுத்தம் என்று நிற்கலாம். ஆனால் நான் சுத்தம் இல்லையே. பச்சை மை பாஸ்வேர்டு தட்டவில்லை, இந்த விரல்தான் தட்டியது. மாடிப்படியில் உன் அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்கிறது, நிறுத்துகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை.

உன் அம்மாவிடம் மறைக்க முடியவில்லை. சனிக்கிழமையே தலையணை உறைக்குள் கையை விட்டுக் கடிதத்தை எடுத்துப் படித்துவிட்டாள். ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் ஃப்ளோரா அடுக்களைப் பாத்திரத்தையெல்லாம் தேய்த்துத் தள்ளினாள், புயல் கடலுக்குள் நிற்கிற மாதிரி. பிறகு தட்டை வைத்துக்கொண்டே, “செத்த மனுஷன் பேர்ல கையெழுத்து போடத் தெரிஞ்சுதுல்ல, உயிரோட இருக்கற உம்ம பேர்ல போட எதுக்கய்யா நடுக்கம்? என்ன நடந்துச்சோ அதை எழுதிப் போடும்” என்றாள். மூன்று பரீட்சை மையங்களில் ஏழு தடவை நான் தேடிக் கிடைக்காத விடை, சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவில் கிடைத்தது.

நேற்றுப் பத்தரைக்குப் போனேன். ஆடிட்டர் அந்தத் தாளையும் பேனாவையும் தயாராக வைத்திருந்தார். நான் என் பையிலிருந்து வேறு ஒரு தாளை எடுத்து வைத்தேன், என் கையால் எழுதியது, நாலே வரி. அண்ணாச்சி இறந்தது எனக்குத் தெரியும். யார் கையெழுத்து என்று ஆடிட்டரைக் கேட்டேன், போன வருஷம் மாதிரியே என்றார், சீட்டு இணைத்துள்ளேன். தவறு என்று தெரிந்தே நான் டோக்கனைப் போட்டேன். பங்கஜம் அம்மாளிடம் மன்னிப்புக் கேட்கிறேன். ஆடிட்டர் அதைப் படித்துவிட்டு வெளுத்துப் போனார். “அங்கிள், இதுல என் பேர் இருக்கு” என்றார். ஆமாம் சார், முப்பத்தோரு வருஷமாக நான் செய்த எல்லாவற்றிலும் உங்க பேரும் உங்கப்பா பேரும்தானே இருந்தது, இது ஒன்றில் மட்டும் இருந்தால் என்ன என்றேன். சொல்லிவிட்டுத் தாளைத் திரும்ப என் கையில் எடுத்துக்கொண்டேன். “இதை அவங்க கையில கொடுத்தீங்கன்னா நாளைக்கு இந்த வாசப்படி ஏற வேண்டாம்” என்றார். அப்போது அவர் அங்கிள் என்று சொல்லவில்லை.

பதினோரு மணி அடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது பங்கஜம் அம்மாள் வந்துவிட்டார். எழுந்து நின்று அவர் கையிலேயே கொடுத்தேன். ஆடிட்டர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் ஒவ்வொரு வரிக்கும் கீழே விரல் வைத்துப் படித்தார். படித்து முடித்துத் தாளை நாலாக மடித்தார். “அப்ப அவிய வரல” என்றார். இல்லம்மா, வரவில்லை என்றேன். அந்த ஒரு பதிலுக்காகத்தான் அவர் ஆட்டோ பிடித்து இரண்டு தடவை வந்திருக்கிறார். பிறகு, “அந்த டப்பாவ எடும்” என்றார். திறந்து வைத்தேன். ஐம்பத்தாறில் தேடி அவரே எடுத்தார், ஸ்டிக்கரில் பெயரைத் தடவிப் பார்த்தார், சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார். வாசலுக்குப் போனவர் திரும்பி ஆடிட்டரிடம், “எங்க கடக் கணக்க எழுதுனது யாருன்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். இனி நான் கையெழுத்து போடுதது எதுவா இருந்தாலும் எனக்கு வாசிச்சுக் காட்டணும்” என்று சொல்லிவிட்டுப் போனார். போலீஸுக்குப் போவாரா, மாட்டாரா, எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை, கேட்கிற தகுதியும் இல்லை. தப்பாகப் போன ரிட்டர்னைத் திருத்திப் போட வேண்டும், அது யார் செய்வார்கள் என்றும் தெரியாது.

என் பென்சில், ரப்பர், கால்குலேட்டர், மாதா படம் எல்லாவற்றையும் முறுக்குப் பையில் போட்டுக்கொண்டு பன்னிரண்டு மணிக்கு இறங்கினேன். ஃபராஸ் டீக்குக் காசு வாங்கவில்லை. நீ பயப்படாதே, நான் வீட்டில் இருக்கிறேன், உன் அம்மா காலையிலிருந்து எனக்கு வேலை கொடுத்துக்கொண்டே இருக்கிறாள், ஆபீஸே தேவலை போலிருக்கிறது. நேற்று ராத்திரி உன் கேள்வியைத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். நீ உன் மேனேஜரம்மாவிடம் என்ன சொல்வாய் என்பது உன் இஷ்டம். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், தாளின் மூலையில் உன் எழுத்தைப் பென்சிலால் போடாதே.

ஊறுகாயை வந்த அன்றே கண்ணாடிப் பாட்டிலுக்கு மாற்று, முறுக்கை ஆபீஸுக்கு எடுத்துப் போய் அத்தனையும் தானம் பண்ணிவிடாதே. உள்ளே ஒரு சின்ன ஜெபமாலை வைத்திருக்கிறாள் உன் அம்மா. ஞாயிறு பூசையை விடாதே, ராத்திரி வெறும் ரொட்டியோடு படுக்காதே. சேசுவும் மாதாவும் உன் வாசலிலேயே காவல் நிற்கட்டும், உன் தலைக்கு மேல் என் இரண்டு கையும் இருக்கிறது, டப்ளின் வரைக்கும் நீளுகிற கை, கொஞ்சம்கூடப் பீற்றல் இல்லை.

இந்தக் கடிதத்தைத் தயாரித்தவனும் நானே. சரிபார்த்தது உன் அம்மா, இரண்டு இடத்தில் அடித்துத் திருத்தியிருக்கிறாள். கையெழுத்து, மையில், முழுசாக,

உன் அப்பா
சவேரியார் ஸ்தனிஸ்லாஸ்