இரண்டும் இடது கை

ஞாயிறு மாலை

அன்புள்ள வாயாடிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். இருமல் விட்டதா? விடவில்லை என்றால் மறைக்காதே.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்பாய். இந்த வீட்டில் போன் பேசினால் சுவரில் இருக்கும் பல்லிக்குக்கூடக் கேட்கும். நீ கிளம்பிப் போன இந்த ஒன்பது மாதமாக, உன்னிடமிருந்து போன் வந்தால் அப்பா டிவி சத்தத்தைக் கூட்டிவிடுகிறார். செய்தி வாசிப்பவர் கத்த, நான் கத்த, கடைசியில் நீ சாப்பிட்டாயா என்பதற்கு மேல் ஒன்றும் கேட்க முடிவதில்லை. எழுதினால் நிதானமாகச் சொல்லலாம்.

நீ காலுறைக்குள் சுருட்டி அனுப்பிய பென்டிரைவ் பத்திரமாக வந்தது. கூடவே நீ எழுதிய சீட்டையும் நாலு தடவை படித்தேன். ஐம்பது வருடத்துக்கு முந்தைய இத்தாலியக் கொலை மர்மப் படம், அந்த ஊரில் மலிவுவிலைத் துப்பறியும் கதைகளுக்கு மஞ்சள் அட்டை போடுவார்களாம், அதனால் இந்த வகைப் படத்துக்கே மஞ்சள் என்று பெயராம். அடியில் ஓடும் தமிழ் வரிகள் முழுக்க நீ எழுதியவை, முதல் முழுப் படம், அம்மா மட்டும் பார், அப்பாவிடம் சொல்லாதே. சீட்டில் இவ்வளவும் இருந்தது. நான் பாதிக்குக் கீழ்ப்படிந்தேன். சொல்லவில்லை. ஆனால் அவரையும் உட்கார வைத்துத்தான் பார்த்தேன்.

மாடி வீட்டு டீச்சர் கொடுத்த படம் என்று ஒரு பொய் சொன்னேன். டீச்சரையும் அழைத்துக்கொண்டேன், பொய்க்கு ஒரு சாட்சி வேண்டாமா? அவர் முகத்தை மூடிக்கொள்ள ஒரு தலையணையோடு வந்தார். மதியம் இரண்டு மணி, ஜன்னல் திரையை இழுத்துவிட்டோம். அப்பா, எழுத்துக் கூட்டிப் படம் பார்க்க எனக்குக் கண் என்ன இரவலா என்று சொல்லிவிட்டு, அந்த இருட்டிலும் பேப்பரை விரித்துக்கொண்டார்.

முதலில் படத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பிடித்திருந்தது. ரொம்பவே பிடித்திருந்தது. கொலைப் படத்தைப் பிடித்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை. அந்த வீடுகளுக்கு எவ்வளவு தைரியமான நிறம்! மாடிப்படி பச்சை, கதவு ஊதா, டெலிபோன் சிவப்பு. ரத்தம்கூட ரத்த நிறத்தில் இல்லை, பெயின்ட் டப்பா கவிழ்ந்தது போல இருந்தது, அதனாலேயே தைரியமாகப் பார்க்க முடிந்தது. பல் டாக்டரிடம் வேலை பார்க்கும் அந்தப் பெண் கம்பிக்கதவு வைத்த பழைய லிஃப்டில் இறங்குகிறாளே, ஒவ்வொரு மாடியும் ஒரு கீற்றாகத் தெரிந்து மறைகிறதே, மூன்றாவது மாடியில் கருப்புக் கையுறை போட்ட இரண்டு கைகள் சுவரிலிருந்து ஒரு படத்தைக் கழற்றுகின்றனவே, அங்கேயே நான் டீயை மறந்துவிட்டேன். ஒரு பெண் தூக்கத்தில் முனகுவது போல ஒரு பாட்டு வருகிறது. அது வந்தால் ஒரு ஆள் காலி. மூன்றாவது தடவை அந்தப் பாட்டு தொடங்கியதுமே டீச்சர் தலையணைக்குள் போய்விட்டார்.

கையுறையை அவ்வளவு கிட்டத்தில் காட்டினால், கையுறைத் தொழிற்சாலையிலேயே காலம் தள்ளுகிற எங்களால் சும்மா இருக்க முடியுமா? கொலைகாரன் கத்தியை எடுக்கிறான், டீச்சர் ஐயோ என்கிறார், நான் கட்டைவிரல் தையலைப் பார்க்கிறேன். பேப்பர் மெல்ல இறங்கியது. நல்ல வெட்டு என்றார் அப்பா. தோல் அகலவாக்கில்தான் இழுபடுகிறது, நீளவாக்கில் ஒரு நூல்கூட அசையவில்லை, வெட்டினவன் தெரிந்தவன் என்றார். அதற்குள் அங்கே ஒரு ஆளின் கழுத்து போய்விட்டது. நாங்கள் கவனிக்கவில்லை, திரும்பப் போட்டுப் பார்த்தோம்.

நான் அப்போதே அடித்துச் சொன்னேன், அது ஆண்பிள்ளைக் கை, ஒன்பதாம் நம்பர். இருபத்திரண்டு வருடம் சூடேற்றிய உலோகக் கைகளில் கையுறையை மாட்டி மாட்டி இஸ்திரி போட்டவள் நான். மணிக்கட்டைப் பார்த்தாலே நம்பர் சொல்வேன். படத்தில் அவ்வளவு பெரிய கை யாருக்கு? பல்வலியோடு கன்னத்தைப் பிடித்துக்கொண்டே அலைகிற அந்த இன்ஸ்பெக்டருக்குத்தான். போலீஸே திருடன் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்தேன்.

இனிமேல்தான் உனக்குச் சொல்ல வேண்டியது.

அந்தப் பணக்கார மாப்பிள்ளை, கொலை நடந்த நேரத்தில் நான் தியேட்டரில் இருந்தேன் என்று கதை அளக்கிறான். இன்ஸ்பெக்டர் கன்னத்தைத் தடவிக்கொண்டே ஏதோ சொல்கிறார். அடியில் எழுத்து வந்தது: "கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா ரெண்டும் இடது கையா இருக்கே."

டீச்சருக்குப் புரியவில்லை. அது என்ன, இரண்டும் இடது கை என்று கேட்டார். ஜோடி கட்டும் மேசையில் அவசரத்தில் இரண்டு இடது கையைச் சேர்த்துக் கட்டிவிட்டால் பெட்டி அப்படியே திரும்பி வரும், அதைத்தான் சொல்கிறார்கள் என்று நான் வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். உலகத்தில் பொருந்தாத எதைப் பார்த்தாலும் அப்படிச் சொல்கிற ஆள் ஒருவர்தான். அந்த ஆள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நீ பெட்டியோடு வாசலில் நின்ற அன்றைக்கு உனக்கு அவர் கடைசியாகச் சொன்னதும் அதுதான். அடுத்தவன் வாயைப் பார்த்து எழுதப் போறேங்கிற, அதுவும் ஒரு பொழப்புங்கிற, ரெண்டும் இடது கையா இருக்கு. அந்தச் சொல் உன்னை எங்கே குத்தியது என்று எனக்குத் தெரியும். அதை எடுத்து ஒரு நல்ல போலீஸ்காரரின் வாயில், சிரிப்பு வருகிற இடத்தில் வைத்திருக்கிறாய். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அப்பா பேப்பரை மடித்துக் கீழே வைத்தார். திரும்பப் போடு என்றார். போட்டேன். இன்னொரு தடவை என்றார். போட்டேன். அப்புறம் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். அவருக்குத் தெரிந்துவிட்டதா, தெரியவில்லையா, முகத்தை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. உன் கொலைகாரியே தேவலை.

ஆம், கொலைகாரி! கடைசியில் கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரம்மா என்று முடித்தார்களே, எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. லிஃப்டில் இறங்கிய பெண் பார்த்தது படத்தைக் கழற்றிய கை அல்ல, மாட்டிய கை, சொந்த வீட்டுச் சுவரின் ஓட்டையை மறைக்க மாட்டியது. அது பிரமாதம், நான் கை தட்டினேன். ஆனால் அந்த அம்மாவின் கை ஏழாம் நம்பருக்கு மேல் ஒரு இழைகூட இல்லை! படம் முழுக்க ஒன்பதாம் நம்பரைக் காட்டிவிட்டு ஏழாம் நம்பரைக் கைது செய்தால் என்ன நியாயம்? அப்பா சிரித்தார். இருபத்திரண்டு வருஷ அனுபவம் கவிழ்ந்துடுச்சே என்றார். இந்த வீட்டில் அவர் சிரித்து எத்தனை நாள் ஆகிறது என்று எண்ணிப் பார்த்தேன்.

இந்தக் கை விஷயத்தை மட்டும் விசாரித்து எழுது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள். அப்பாவைப் பற்றி நீ ஒன்றும் கேட்பதில்லை, நானாகவே எழுதுகிறேன், அவர் நன்றாக இருக்கிறார்.

என்றும் உன் நினைவாக,
அம்மா

புதன்கிழமை

வாயாடிக்கு ஆயிரம் முத்தங்களோடு அம்மா எழுதுவது,

உன் பதில் வந்தது. அதைத் தொழிற்சாலைக்கே கொண்டுபோய் இஸ்திரி அறையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். கிட்டத்தில் காட்டும் இடங்களில் நடிகை கையுறை போடவே இல்லையாம், படம் எடுத்தவர்களில் யாரோ ஒரு ஆள் மாட்டிக்கொண்டு கையை மட்டும் கொடுத்தாராம், பார்ப்பவர்கள் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காகவாம்! அப்படியானால் நான் சொன்னது சரி. ஆண்பிள்ளைக் கைதான், ஒன்பதாம் நம்பர்தான். பெயர் தெரியாத அந்த மனிதரை நான் ஐம்பது வருடம் கழித்துப் பிடித்துவிட்டேன். இஸ்திரி அறையில் இப்போது என்னை இன்ஸ்பெக்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். நானும் ஒன்றிரண்டு தடவை கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நடந்து காட்டினேன்.

அப்பாவுக்கும் படித்துக் காட்டினேன், யார் எழுதியது என்று மட்டும் சொல்லாமல். டீச்சர் எங்கேயோ படித்தாராம் என்றேன். டீச்சருக்கு நிறைய தெரியுது என்றார்.

உனக்குத் தெரியாதது ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. வெட்டும் அறையில் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் அப்பா கதை சொல்கிறார். உன் படத்தைத்தான். ஒரு நாளைக்கு ஒரு கொலை, அதற்கு மேல் சொல்ல மாட்டாராம். மீதிக் கதைக்காக மற்ற அறை ஆட்களும் சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே போகிறார்கள். சூப்பர்வைசர் வந்து கொலைகாரன் யார் என்று கேட்டதற்கு, வெள்ளிக்கிழமை தெரியும் என்று அனுப்பிவிட்டாராம். ஒரு வார்த்தை அதிகம் பேசாத மனிதர்! அந்தப் பாட்டைக்கூட முனகிக் காட்டினாராம். நான் நம்பவில்லை, ஆனால் மூன்று பேர் சத்தியம் செய்கிறார்கள்.

போன ஞாயிறு டீச்சரும் இல்லை, நானும் கடைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால் ஜன்னல் திரை மூடியிருக்கிறது. தனியாக உட்கார்ந்து மறுபடி பார்த்துக்கொண்டிருக்கிறார், கண்ணாடி போட்டுக்கொண்டு, டிவிக்கு ஒரு முழம் தள்ளி. கொலையைப் பார்க்கவில்லை, ஆட்களைப் பார்க்கவில்லை, அடியில் ஓடும் எழுத்தை மட்டும் பார்க்கிறார். உதடு அசைகிறது. வரிக்கு வரி வாய்விட்டுப் படிக்கிறார். நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன், பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

இன்ஸ்பெக்டருக்குக் கையுறையின் தோல் துண்டு ஒன்று கிடைக்கிறதே, அந்த இடத்தில் நிறுத்தினார். திரும்பிப் பார்க்காமலே என்னிடம் சொன்னார், "இங்க மாட்டுத்தோல்னு எழுதியிருக்கா. மாட்டுத்தோல் விரல் முட்டிக்கிட்ட இப்படி மடியுமா? ஆட்டுக்குட்டித் தோல் இது. தோல் வெட்டுறவன் பொண்ணு இப்படி எழுதலாமா? அவகிட்ட சொல்லு."

எவளிடம் என்று நான் கேட்கவில்லை. சரி, சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன். சொல்லிவிட்டேன். அடுத்த முறை கவனமாக இரு, இந்த வீட்டு மானம் போகிறது.

கொஞ்ச நேரம் கழித்து, மற்றதெல்லாம் பரவாயில்லை என்றார். பிறகு அதையும் திருத்தினார், நல்லா இருக்கு, படிக்கிறோம்னே தெரியலை, அந்த ஆளுங்களே நம்மகிட்ட பேசுற மாதிரி இருக்கு என்றார். அவர் வாயிலிருந்து வந்ததை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதியிருக்கிறேன். அடுத்தவர் பேசுவதை எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று இப்போதுதான் எனக்கும் தெரிகிறது. நீ போகும்போது நானும் வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன். அது தப்பு. அதையும் இதிலேயே எழுதிவிடுகிறேன்.

இத்துடன் ஒரு சிறு பொட்டலம் வருகிறது. அங்கே குளிர் தொடங்கிவிட்டது என்று எழுதியிருந்தாயே, அதைச் சத்தமாக வாசித்தது என் வேலை. மற்றது அவர் வேலை. ஆட்டுக்குட்டித் தோல், கருப்பு, உன் கொலைகாரி போட்டிருந்த அதே வெட்டு. சொந்தமாகத் தோல் எடுத்து வந்து, வேலை முடிந்த பிறகு வெட்டும் மேசையில் வைத்து வெட்டினார். அளவெடுக்க அவள் கை இங்கே இல்லையே என்றேன். கை எதுக்கு என்றார். விரித்துப் பார்த்தேன். இடது சுண்டுவிரலில் மட்டும் பக்கவாட்டில் அரை நூல் அதிகம் விட்டிருக்கிறார். நீ ஐந்து வயதில் கதவிடுக்கில் மாட்டிக்கொண்டு வளைந்துபோன விரல். நானே மறந்திருந்தேன்.

நீங்களும் ஒரு வரி எழுதுங்கள் என்று பேனாவைக் கொடுத்தேன். எழுத ஒண்ணுமில்லை என்று வாங்கவில்லை. ஆனால் இந்தக் கடிதத்தை ஒட்டும்வரை பக்கத்திலேயே நிற்கிறார்.

போட்டுப் பார், கண்ணே. சரியாக இருந்தால் அவர் பெயருக்கு ஒரு வரி எழுது. சரியாக இல்லாவிட்டால் எழுத வேண்டாம், கையைக் கொண்டுவந்து காட்டு. அவர் நேரில் பார்த்துத்தான் திருத்துவார். ஜோடியை நானே சேர்த்துக் கட்டினேன். இரண்டு தடவை பார்த்துவிட்டேன், ஒன்று இடது, ஒன்று வலது.

நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும்.

வழியைப் பார்த்திருக்கும்,
அம்மா