பேச்சு முடியும் முன் குடித்த தண்ணீர்

நேற்றுச் சந்தையில் வெட்டிவேர் வாங்கிப் புதுப்பானையில் போட்டேன். காலையில் மூடியைத் திறந்ததும் அந்த வாசம். கோடை முழுக்க உங்கள் வேட்டியில் இருந்த வாசம் அது. நீங்கள் போய் ஐந்து வருஷம் ஆகிறது. என் அஞ்சாம் வகுப்புக் கையெழுத்தைக் கேலி செய்ய இப்போது ஆள் இல்லை. அதனால் தைரியமாக எழுதுகிறேன்.

ரயில்வேயில் ரிட்டயர் ஆனதும், இனி வீட்டில் இருப்பீர்கள் என்று நினைத்தேன். மூன்றாம் மாதமே கோவில்பட்டி ஸ்டேஷனுக்குத் திரும்பப் போனீர்கள். சம்பளத்துக்கு இல்லை. பகல் வண்டி வந்து நின்றால் மூன்றாம் வகுப்புப் பெட்டிகளில் ஜன்னல் ஜன்னலாக வெட்டிவேர் போட்ட தண்ணீர் ஊற்றுவதற்கு. "இந்த வெயில்ல வாரவனுக்கு நாக்கு ஒட்டிக்கிடுதுட்டி" என்பீர்கள். சரி. அடுத்த தெருக் கிணற்றில் இறைத்து நாலு குடம் சுமந்தது யார் என்று நீங்கள் யாரிடமும் சொன்னதில்லை.

இளையவளைப் பெண் பார்க்க மணியாச்சிப் பக்கத்திலிருந்து ஆட்கள் வருகிற அன்று, "இன்னைக்கு ஒரு நா போகாதீய" என்றேன்.

"அவிய சாயங்கால பஸ்லதான வாராவ? பகல் வண்டிய அனுப்பிட்டு வந்துருதேன்."

அவர்கள் பகல் வண்டியிலேயே வந்துவிட்டார்கள். பையன், அவன் அப்பா, அம்மா. மகள் வந்து கும்பிட்டுவிட்டு உள்ளே போனாள். நான் தண்ணீர் கொண்டுபோய் வைத்தேன். பையனின் அப்பா செம்பைத் தள்ளி வைத்தார். "பேச்சு முடியட்டும் தங்கச்சி. அதுக்கு முன்னால கை நனைக்கப்பிடாது." முறைதான். சம்மதம் ஆகும்வரை பெண் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள்.

அப்போதுதான் நீங்கள் வந்தீர்கள், நனைந்த வேட்டியும் காலி வாளியுமாக.

பையனின் அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இவியல்லா ஸ்டேஷன்ல தண்ணி ஊத்துனது! ரெண்டு செம்பு குடிச்சீயளே, இனி எங்க கை நனைக்காம இருக்க?"

பையனின் அப்பா சிரிக்கவில்லை. "பொண்ணு எங்களுக்குப் பிடிச்சிருக்கு. ஆனா இவிய இனிமே பிளாட்பாரத்துல வாளி தூக்கப்பிடாது. எங்க சனம் போற வார எடம்."

உங்கள் தலை அசையப் போவது எனக்குத் தெரிந்தது. மகளுக்காக விட்டிருப்பீர்கள். நான் முந்திக்கொண்டேன்.

"அண்ணாச்சி, நீங்க குடிச்சது நான் சொமந்த தண்ணி. அவிய விட்டாலும் நான் விட மாட்டேன். நானே வந்து ஊத்துவேன்."

அவர்கள் எழுந்து போனார்கள். வாசலைப் பார்த்தபடி நீங்கள் கேட்டீர்கள்: "தெனமும் போகாதீய போகாதீயன்னு வைதவ நீதான?"

"நான் வைவேன். அடுத்தவிய எப்படிச் சொல்லலாம்?"

சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். மறுநாள் ஐந்து குடம் சுமந்தேன்.

அடுத்த வருஷம் அவளை விளாத்திகுளத்தில் கொடுத்தோம். மாப்பிள்ளை நல்லவர். பேரன்கள் இரண்டு பேரும் கணக்கில் புலி; பாட்டி வழி என்று நானே சொல்லிக்கொள்கிறேன். குறை ஒன்றும் இல்லை.

ஆனால் அன்று கதவுக்குப் பின்னால் நின்றவளை நாம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உங்களுக்கு உங்கள் சேவை, எனக்கு என் வீம்பு. அந்தப் பையனை அவளுக்குப் பிடித்திருந்ததா? அவள் ஒவ்வொரு முறை வரும்போதும் கேட்க நினைக்கிறேன். மிளகாய் விளைச்சலைக் கேட்கிறேன், மாமியார் முழங்காலைக் கேட்கிறேன். பஸ் ஏற்றிவிட்டுத் தனியாக நடந்து வரும்போதுதான் அந்தக் கேள்வி வாய்வரை வருகிறது.