அன்றைக்கு நான் சொன்ன சாட்சி

அன்பு மகள் சிட்டுக்கு,

அப்பா எழுதுகிறேன். உனக்கு அந்தச் சளி விட்டிருக்கும், வேலைக்கும் அறைக்கும் நல்லபடியாகப் போய் வந்துகொண்டிருப்பாய் என்று நம்புகிறேன், காலையில் ஜெபத்தைத் தொடங்குவதே உன்னை வைத்துத்தான். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் கை தானாகப் போகிறது, யாருக்குக் கடிதம் எழுதினாலும் அப்படித்தானே எழுதிப் பழக்கம், ஆனால் இந்த முறை அந்த வரியை எழுதினால் அது பொய். அம்மாவுக்கு அந்தப் புற்றுநோய் மறுபடியும் வந்துவிட்டது கண்ணு. சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. போன மாதம்தான் எனக்கே தெரிந்தது. மூன்று தடவை உனக்குப் போன் போட்டேன், நீ ஹலோ என்றதும் அங்கே மழையா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன், மழையைக் கேட்கவா இவ்வளவு தூரம் போன் போட்டீங்க என்று நீயும் சிரித்தாய். அம்மா பேசும்போது உனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது, அந்தக் குரலை வைத்துக்கொண்டு அவள் ஊரையே ஏமாற்றுவாள். அதனால்தான் கடையில் ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸரைக் கழற்றி வைக்கிற மேஜையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன், தாளின் மூலையில் எண்ணெய் பட்டிருந்தால் கண்டுகொள்ளாதே.

உனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் இருக்கும். மார்பில் ஆபரேஷன், அதற்கப்புறம் ஏழு மாதம் மருந்து, முடியெல்லாம் கொட்டி, கடைசியில் ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று டாக்டரம்மா சொன்ன வாரம். சபையில் சாட்சி சொல்லும் நேரத்தில் நான் அதுவரை எழுந்ததே கிடையாது, காணிக்கைப் பை வந்தால் போடுவேன், பாட்டுக்கு வாயசைப்பேன், அவ்வளவுதான் நான். அன்றைக்கு என்ன வந்ததோ, நேராகப் போய் மைக்கைப் பிடித்துக்கொண்டேன். கர்த்தர் என் மனைவியை முழுசாகக் குணமாக்கிவிட்டார், இனி அந்த ஆஸ்பத்திரிப் படியை அவள் மிதிக்கப் போவதில்லை என்றேன். சபையே எழுந்து கைதட்டியது, நீ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து அழுதாய். ஒரு ஃப்ரிட்ஜுக்குக் கேஸ் அடைத்துக் கொடுத்தால்கூட அன்றைக்கே கேரண்டி சொல்ல மாட்டேன் நான், பத்து நாள் ஓடட்டும், கசிவு இருந்தால் அப்புறம்தான் தெரியும் என்று கறாராகப் பேசுகிறவன். அப்பேர்ப்பட்டவன் கர்த்தர் பேரில் நானே ஒரு கேரண்டி எழுதிக் கொடுத்துவிட்டு மேடையை விட்டு இறங்கினேன். எழுதச் சொல்லி அவர் என்னைக் கேட்கவே இல்லை. அதற்கப்புறம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொன்ன செக்கப்புக்கு நாங்கள் போகவில்லை. போனால் விசுவாசம் இல்லை என்று ஆகிவிடுமே. அம்மா ஒரு தடவை கேட்டாள், சும்மா ஒரு தரம் காட்டிட்டு வந்துடலாமா என்று. சபை முன்னால் அப்படிச் சொல்லிவிட்டு இப்போது போய் டோக்கன் எடுத்து உட்கார்ந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று தடுத்தது நான்தான். அம்மாவுக்குச் சுகமாகிவிட்டது என்று நம்பித்தான் நீயும் விமானம் ஏறினாய். அந்த நம்பிக்கையை உனக்குக் கொடுத்ததும் நான்தான்.

நீ போனபிறகு நடந்தது உனக்கு முழுசாகத் தெரியாது. நோயோடு இருக்கிறவர்கள் அம்மாவைத் தேடி வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். தையல் மெஷினுக்குப் பக்கத்தில் அவர்களுக்கென்றே ஒரு நாற்காலி போட்டாள், அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டே பட்டன் தைப்பாள், முடிந்ததும் ஊசியைக் குத்தி வைத்துவிட்டு ஜெபம் பண்ணுவாள். உனக்கு ஒன்பதாம் வகுப்பில் பாடம் எடுத்த கணக்கு டீச்சர், பாவம், கிட்னி கெட்டு வாரம் மூன்று நாள் ரத்தம் சுத்தம் பண்ணப் போகிறார், அவர் புதன்கிழமை தவறாமல் வருவார். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, உங்களப் பாத்தாதான் எனக்கு அடுத்த வாரம் வரைக்கும் தெம்பு என்பார். அப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அம்மாவுக்கு அக்குளில் கட்டி வந்திருக்கிறது. அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை. என்னிடமும்தான். பதினொரு வாரம். சனிக்கிழமை மத்தியானம் இஸ்திரி போடுவது என் வேலை, உனக்குத் தெரியும். அவளுடைய நீல உடுப்பை மடித்து வைத்தேன், அதன் இரண்டு கையும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காரவில்லை, இடது கை இரண்டு விரல் அகலம் கூடுதல். ஊருக்கெல்லாம் அளவு பிசகாமல் தைக்கிற மகராணிக்கு இது எப்படி வந்தது என்று கேலி பண்ணலாம் என்றுதான் அடுத்ததை எடுத்தேன். அதிலும் இடது கை. அலமாரியைத் திறந்து எல்லாவற்றையும் கட்டிலில் போட்டேன், ஒன்பது உடுப்பு, ஒன்பதிலும் இடது கைத் தையலைப் பிரித்து ஒட்டுத்துணி வைத்து அகலமாக்கியிருக்கிறாள், வெளியே தெரியாதபடி அதே நிற நூலில். கை வீங்க வீங்கப் பிரித்துப் பிரித்துத் தைத்திருக்கிறாள். ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டேன். முன்னறைக்குப் போனேன், மெஷினை நிறுத்திவிட்டு இஸ்திரிப் பெட்டியை அணைச்சீங்களா என்று கேட்டாள். அப்புறம்தான் என் கையில் இருந்த உடுப்பைப் பார்த்தாள். சபை முன்னாடி உங்களப் பொய்யனாக்க எனக்கு மனசு வரல என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். ஸ்கேன் படத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து முதுகெலும்பிலும் இடுப்பிலும் இருக்கிற புள்ளிகளைப் பேனா முனையால் காட்டினார். ஆரம்பத்துலயே வந்திருந்தா வேற மருந்து பாத்திருக்கலாம், இப்ப வலி இல்லாம வச்சுக்கறதுதான் நம்ம கையில இருக்கு என்றார். எத்தனை நாள் என்று அம்மாதான் கேட்டாள், துணி எப்போ வேணும் என்று வாடிக்கைக்காரர்களிடம் கேட்கிற அதே குரலில். மூன்று மாதம், உடம்பு ஒத்துழைத்தால் நாலு என்றார். வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள், நான் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டியும் எழுந்திருக்கவில்லை. நான் உடைந்துபோய்விட்டேன் மகளே, உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. என் வாய்தான் அவளைக் கொன்றது என்று தோன்றுகிறது, ஸ்பேனரைக் கையில் எடுத்தால் எதற்கு எடுத்தேன் என்று மறந்துபோகிறது. பாஸ்டர் வந்து அப்படியெல்லாம் நினைக்கக் கூடாது என்று அரைமணி நேரம் பேசினார், நல்ல மனுஷர், டீ குடித்துவிட்டுப் போங்கள் என்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அதே மைக்கில் போய் நான் சொன்னது பொய் என்று சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணினேன். கிளம்பும்போது அம்மாவிடம் சொன்னேன், அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. ரெண்டு வருஷம் குடுத்தார்ல, அது பொய்யா, அந்த ரெண்டு வருஷத்துலதான பொண்ண வேலைக்கு அனுப்பி வச்சோம், வாங்குறதையெல்லாம் வாங்கிக்கிட்டு இப்ப இல்லம்பீங்களா என்று கேட்டாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு அவளோடு சபைக்குக் கிளம்பினேன். சாட்சி நேரம் வந்ததும் அவளே எழுந்தாள், முன்னால் போக நான் கையைப் பிடித்துக்கொண்டேன். மறுபடி வந்திருக்கு, மறச்சுட்டேன், என்னப் பாத்து நம்புறவங்க நம்பிக்கை போயிடுமேன்னு பயந்தேன், ஆண்டவர் பேர நான் தூக்கிப் பிடிக்கலன்னா அது கீழ விழுந்துடும்னு நெனச்சேன், அதுதான் என் தப்பு, நான் சாகப்போறேன், எங்க போறேன்னு எனக்குத் தெரியும், இனிமே என்னப் பாக்காதீங்க, அவரப் பாருங்க என்றாள். யாரும் கைதட்டவில்லை. பின்னால் ஏதோ ஒரு குழந்தை அழுதது. கணக்கு டீச்சர் கைப்பையை எடுத்துக்கொண்டு நடுவழியாக எங்களைப் பார்க்காமல் வெளியே போனார். புதன்கிழமை அவர் வரவில்லை. அம்மா மத்தியானம் முழுக்கக் கதவைத் திறந்தே வைத்திருந்தாள். அவருக்குக் கோபம் இல்ல, பயம் என்று என்னிடம் சொன்னாள், சொல்லிவிட்டு உள்ளே போய் அழுதாள். தனக்காக அழாதவள் அந்த டீச்சருக்காக அழுகிறாள், நான் என்ன செய்ய.

இதில் வேடிக்கை என்னவென்றால் போகப்போகிறவள் தெளிவாக இருக்கிறாள், இருக்கப்போகிறவன்தான் தத்தளிக்கிறேன். வீடு மாறப்போகிறவள் மாதிரி எந்தக் கம்பளி யாருக்கு, எந்தக் கத்தரிக்கோல் யாருக்கு என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். பரலோகம் போனால் அங்கே வலி இல்லை, அழுகை இல்லை என்று அவள் பேசும்போது ஆமாம் ஆமாம் என்று மென்று முழுங்குகிறேன். எனக்கும் நித்திய ஜீவன்மேல் நம்பிக்கை உண்டு, சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொண்டு வருவதுதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு உண்மையைச் சொல்லட்டுமா, அந்த முடிவில்லாத காலத்தைத் திருப்பிக் கொடு, இங்கேயே அவளோடு இன்னும் ஐந்து வருஷம் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நான் யோசிக்காமல் கையை நீட்டிவிடுவேன். இதைப் பாஸ்டரிடம் சொல்ல முடியாது, அவளிடம் சொல்லவே முடியாது, அதனால் உன்னிடம் சொல்கிறேன். சுகத்துக்காக ஜெபிப்பதை அவள் நிறுத்திவிட்டாள். நான் நிறுத்தவில்லை. பகலில் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, இரண்டு ஃப்ரிட்ஜ் பெட்டியை ஓடவிட்டு அந்தச் சத்தத்தில் வாய்விட்டுக் கேட்கிறேன். ஒரு பதிலும் இல்லை. நிறுத்தவும் பயமாக இருக்கிறது, நிறுத்தினால் சரி கூட்டிக்கொண்டு போ என்று நானே சம்மதித்த மாதிரி ஆகிவிடும்.

நீ இதைப் படித்துவிட்டுச் சாப்பிடாமல் கிடக்காதே. உன் உடம்பில் எது வித்தியாசமாகத் தெரிந்தாலும் உடனே டாக்டரிடம் காட்டு, ஜெபமும் பண்ணு, ஒன்றுக்காக இன்னொன்றை விட்டுவிட்டு உன் அப்பனைப் போல முட்டாளாக நிற்காதே. உன் மேல் அம்மாவுக்கு எந்த வருத்தமும் இல்லை, கூட இருந்து பார்க்கவில்லையே என்று நீ உன்னைக் குடைந்துகொள்ளாதே, குடைந்துகொள்வதற்கு வீட்டில் நான் ஒருத்தன் போதும். ஆண்டவர் உன் தலைமேல் கை வைத்துக் காப்பாற்றட்டும், நீ கிளம்பும் நாளில் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து கூடவே வரட்டும்.

கிளம்பும் நாள் என்று எழுதிவிட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். உனக்குக் கடிதம் எழுதப்போகிறேன் என்றதும் அம்மா ஒன்று சொல்லியனுப்பினாள். ஒப்பந்தம் முடிய இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது, நடுவில் வந்தால் அவள் வேலை போய்விடும், பிள்ளையை அலைக்கழிக்க வேண்டாம் என்றாள். அழாம இருக்கச் சொல்லுங்க, நாம அங்க பாத்துக்கலாம்னு எழுதுங்க, அவளுக்குப் புரியும் என்றாள். சரி என்று தலையாட்டினேன், அவள் சொன்னபடி எழுதியும்விட்டேன். இனி அப்பா சொல்வதைக் கேள். அங்கே பார்ப்பது இருக்கட்டும், அதற்கு நாள் நிறைய இருக்கிறதாம். வேலை போனால் போகட்டும். இது கூரியரில் நாலு நாளில் உன் கைக்கு வந்துவிடும், வந்த அன்றைக்கே டிக்கெட் எடு. உன் அம்மாவை இங்கே வந்து பார்.

இப்படிக்கு,
கதவுச் சத்தம் கேட்டால் நீதானோ என்று எழுந்து பார்க்கிற
அப்பா