இரண்டாவது டேங்க்

மார்ச் 6, வெள்ளி

இன்றும் வீடு வந்து சேர ஒன்பது மணி. மகள் எட்டுக்கே தூங்கிவிட்டாள். வாரத்தில் எனக்கு வீடு என்று இருப்பதே இந்த வெள்ளி மாலைதான். சனி விடியலில் அடுத்த லோடு.

காரணம் டீசல். கம்பெனி கணக்கில் போட வழியில் ஒரே ஒரு பங்க், எங்கள் பன்னிரண்டு லாரியும் அங்கேதான் வரிசை கட்டும். இரண்டு மணி நேரம் அதிலேயே போகிறது. மற்றபடி வண்டி நிற்பதே இல்லை. நான் ஓட்டும்போது கூட்டாளி டிரைவர் பின்னால் படுக்கையில், அவன் ஓட்டும்போது நான். அவன் தூங்கும் அழகுக்காக அவனுக்குக் குறட்டை என்றே பெயர்.

இன்னொரு டேங்க் மாட்டினால் என்ன?

மார்ச் 10, செவ்வாய்

பட்டறை வைத்திருக்கும் மச்சான் மாட்டிக் கொடுத்தான். சேசிஸின் மறுபக்கம் முந்நூறு லிட்டர் டேங்க், இரண்டையும் இணைக்க அடியில் ஒரு குழாய். "இனிமே நீங்க பங்க் பக்கம் தலை வெச்சுக்கூடப் படுக்க வேண்டாம் மாமா" என்றான். முதலாளி சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "யோசனை யாரோடது?" என்று கேட்டார். என்னோடதுதான் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

மார்ச் 13, வெள்ளி

ஏழு மணிக்கு வீட்டில்! மகள் விழித்திருந்தாள். என் தட்டிலிருந்தே எடுத்துச் சாப்பிட்டாள். இவ்வளவு சந்தோஷமாக இருந்து எத்தனை நாளாயிற்று!

மார்ச் 18, புதன்

போன வாரம் காலி அட்டைப்பெட்டி லோடு. இந்த வாரம் டைல்ஸ். எடை மேடையில் முந்நூற்றுப் பத்து கிலோ அதிகம்.

"டீசலுக்கும் எடை உண்டுங்க" என்றார் எடை போடுபவர். உண்டுதான். அதை நானும் யோசிக்கவில்லை, மச்சானும் யோசிக்கவில்லை. பெரிய விஞ்ஞானிகள் இரண்டு பேரும்.

"சரக்குல ஒரு பெட்டி குறையக் கூடாது" என்றார் முதலாளி. கூடுதல் ஸ்டெப்னியை இறக்கினோம். ஜாக்கிப் பெட்டி, தார்ப்பாய், படுக்கை எல்லாம் இறக்கினோம். இன்னும் தொண்ணூறு கிலோ நின்றது.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? "பேசாம குறட்டைய இறக்கி விட்டுடலாம் முதலாளி. அவன் பையோட சேர்த்தா தொண்ணூறு தேறும்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். குறட்டைதான் அதிகம் சிரித்தான். முதலாளி சிரிக்கவில்லை.

மார்ச் 20, வெள்ளி

குறட்டைக்குக் குடோனில் பெட்டி எண்ணும் வேலை. தனியாக ஓட்டினால் வழியில் எட்டு மணி நேரம் கட்டாயம் நிறுத்தித் தூங்க வேண்டுமாம், சட்டம். எங்கே தூங்குவது? படுக்கையைத்தான் இறக்கியாகிவிட்டதே. ஸ்டியரிங்கில் தலை வைத்தபடி கிடந்தேன்.

மார்ச் 28, சனி

விடியலில் நேரே குடோன். வீட்டுக்குப் போகவில்லை, அடுத்த லோடு தயாராக நின்றது.

பாராட்டு விழா வேறு. மற்ற பதினோரு வண்டிக்கும் டேங்க் வருகிறது, பதினோரு கூட்டாளிகளும் இறங்குகிறார்கள். "ஆண்டின் சிறந்த யோசனை" என்று கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுத்தார் முதலாளி. கை தட்டியது அவர் மட்டும். டிரைவர்கள் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

சட்டத்தை மச்சானிடம் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். போனில் மனைவி: "கட்டில்ல உங்க பக்கம் காலியாத்தான் கிடக்கு. அங்கேயே படுக்க வெச்சுட்டேன்."

பாவி நான். அந்த ரெண்டு மணி நேரம் வரிசையில நின்னா என்ன கொறஞ்சு போச்சு எனக்கு?

ஏப்ரல் 3, வெள்ளி

ஏழரை. லாரிகள் நிறுத்தும் திடல். கட்டாய ஓய்வு. மகள் தூங்குவதற்குள் போன் போட்டேன்.

"அப்பா, வண்டியில டீசல் இருக்கா?"

"நிறைய இருக்கும்மா."

"அப்போ ஏன் நிக்கிறீங்க?"